கரைப் பாதைக்கு ஒரு காஸ்ட் அயர்ன் புல்லட்: எஞ்சினை எப்படிக் கட்டுவது?

பெரியப்பா 1986-ல் எடுத்த புல்லட் 350, வார்ப்பிரும்புப் பிளாக்கு வைத்த பழைய வகை. 2018 கஜா புயலில் மாட்டுக் கொட்டகைக் கூரை அதன்மேல் சரிந்தது. தூக்கி நிறுத்தி, சாக்கைப் போட்டு மூடினோம். அதோடு சரி. போன வருடம் அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் தங்கியபோதுதான் சாக்கை எடுத்தேன். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் போய்வர எனக்கு வேறு வண்டி இருக்கிறது. இது வெண்ணாற்றங்கரையில், படுகையில், தாளடி அறுத்த வயல்களுக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதையில், கோடையில் கொள்ளிடத்து மணலில் ஓட்டுவதற்கு.

எஞ்சினை இறக்கப்போகிறேன் என்றதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. "அப்படியே ஸ்டாண்டர்டா கட்டு, போதும்" என்றார் ஒருவர். "பெரிய கார்புரேட்டரும் கேமும் போடு, சும்மா பறக்கும்" என்றான் மாமா பையன். "ஐந்நூறாக்கிடு" என்றார் கும்பகோணத்து நண்பர், அவருடையது அப்படி ஆக்கியது. "இந்தக் காசுக்கு ஒரு பழைய ஹிமாலயன் வாங்கலாமே" என்றாள் என் மனைவி. நான்கையும் ஒருவழியாக எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவலாம்.

புல்லட்டை மண்ணில் ஓட்டுவது கிறுக்குத்தனம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. நம் ஊரில் இதைப் போலீஸ்காரர் வண்டியாகவும் பண்ணையார் வண்டியாகவும் பார்த்துப் பழகிவிட்டோம். பிறந்ததென்னவோ சேற்றில்தான். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த புல்லட் 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியது. கடைக்கு வந்தது அதற்கு அப்புறம். ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை 1952-லும் 1957-லும் ஜெயித்ததும் புல்லட்டில்தான். 1956-ல் திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கிய வண்டிக்கும் அதே வம்சத்து எஞ்சின். 70 மில்லிமீட்டர் போர் (பிஸ்டன் ஓடும் குழாயின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, கனத்த ஃப்ளைவீல், 18 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் 18 என்பது சிரிப்பு. ஆனால் அந்த நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் எதற்கு என்பது களிமண்ணில் இறங்கினால் தெரியும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நம் மண்ணைப் பார்க்க வேண்டும். மாடிஃபிகேஷன் பற்றிப் பேசும் பலர் இதைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் யாரோ மலைப்பாதைக்கும் பாலைவனத்துக்கும் கட்டின எஞ்சினை வீடியோவில் பார்த்துவிட்டு அதே சாமானைத் தேடுகிறார்கள். டெல்டாவில் மலை ஏது? கல்லணை தாண்டினால் பூம்புகார் வரைக்கும் நிலம் தாம்பாளம் மாதிரிதான். நமக்கு இருக்கும் ஒரே ஏற்றம் ஆற்றங்கரைச் சரிவு. ஓட்டம் எடுக்க இடமில்லாமல் நின்ற நிலையிலிருந்து ஏற வேண்டிய சரிவு அது. அப்புறம் களிமண். ஒரு மழை பெய்தால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். கொள்ளிடத்து மணலில் வேகம் விட்டால் முன்சக்கரம் புதையும். மதகடியில், நடவு வயல் ஓரத்தில், முழங்கால் தண்ணீர். எங்கேயும் மணிக்கு 30 கிலோமீட்டர் தாண்ட வழியில்லை. காற்றும் முகத்தில் அடிக்காது, பங்குனி வெயிலில் பிளாக்கு கொதிக்கும்.

ஆகவே இங்கே கேட்கிற கேள்வி மூன்று. நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே அணையாமல் இழுக்குமா? மெதுவாக ஓடும்போது சூட்டைத் தாங்குமா? தண்ணீரையும் தூசியையும் உள்ளே விடாமல் இருக்குமா? இந்த மூன்றையும் வைத்துத்தான் நான்கு யோசனையையும் அளந்தேன்.

அதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைத் திறக்கும் முன்பே 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் ஒன்று, அதாவது தேய்ந்த போரை அறுத்து அகலமாக்கினால் போடுகிற அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன், வாங்கிவிட்டேன். மலிவாகக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் புல்லட் பிளாக்குப் போரிங் செய்கிற லேத் பட்டறைகளுக்கு உண்மையான பிழைப்பு ஆயில் எஞ்சினும் டிராக்டரும்தான். பம்ப்செட் எஞ்சின் பிளாக்குகள் வரிசையாக நிற்க, நடுவே நம்முடையது பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். பட்டறை அண்ணன் போர் கேஜை உள்ளே விட்டார். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம்; ஒவ்வொரு இடத்திலும் முன்பின்னாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. சாக்பீஸால் பிளாக்கு மேலேயே ஆறு எண்களை எழுதினார். பிறகு என் கையிலிருந்த பிஸ்டன் பெட்டியைப் பார்த்தார்.

"யாரு தம்பி இத வாங்கச் சொன்னது?"

"நானாத்தாண்ணே வாங்குனேன்."

"இது ஏற்கெனவே அம்பதுல ஓடுன போரு. மேல ஆறு தௌ தின்னுருக்கு. எழுபத்தஞ்சு வாங்கியாங்க. இத வீட்டுல பேனா ஸ்டாண்டா வெச்சுக்கங்க."

தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டனைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. இப்போது நிஜமாகவே அதில் பேனாக்கள் நிற்கின்றன. ஓவர்சைஸ் கால் மில்லிமீட்டர் படிகளில் ஏறும்: 0.25, 0.50, 0.75, 1.00. அதைத் தாண்டினால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். ஓவர்சைஸ் போட்டால் பவர் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு முழு மில்லிமீட்டர் அறுத்து 71 ஆக்கினாலும் கிடைப்பது 356 சிசி. பத்து சிசி லாபம், அவ்வளவுதான். போரிங் என்பது தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலை, பவர் வேலையில் சேராது. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறுக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்து, அந்தப் பிஸ்டனுக்கே அளந்து, உள்சுவரைத் தேய்த்து முடிக்கிற ஹோனிங் செய்ய வேண்டும். ரிங்கைப் போரில் நுழைத்துப் பிஸ்டனாலேயே தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். இந்தப் போருக்கு 11 தௌ சுமார் கணக்கு. குறைவாக விட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு போரைக் கீறிவிடும்.

முதல் வழி, ஸ்டாண்டர்டாகவே கட்டுவது. கேட்பதற்கு சோம்பேறி வழி மாதிரி இருக்கும். ஒழுங்காகச் செய்தால் செலவில் பாதிக்கு மேல் பிளாக்குக்குக் கீழேதான் போகும், வெளியே யாருக்கும் தெரியாது. பலரும் போரிங், ரிங், வால்வு மூன்றையும் முடித்து எஞ்சினை மூடிவிடுகிறார்கள். மேல்பாகம் புதிதாகி அமுக்கம் ஏறினதும், தேய்ந்த பிக் என்டுக்கு, அதாவது பிஸ்டனைத் தாங்கும் கான்ராடு கிராங்கோடு சேர்கிற கீழ்மூட்டுக்கு, அடி இன்னும் பலமாக விழும். 2000 கிலோமீட்டரில் "டொக் டொக்" என்று கூப்பிடும்.

பிக் என்டைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாக்கைக் கழற்றி, கான்ராடை உச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலாகத் தூக்கி நேர் கீழாக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் கவலை இல்லை, அது ஆடத்தான் செய்யும். மேல்கீழாக ஒரு "டிக்" உணர்ந்தால் வேலை இருக்கிறது. எண்ணெய் கெட்டிப்பட்டிருந்தால் அந்த டிக் மறைந்துவிடும். கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். என்னுடையதில் கழுவுவதற்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. கழுவிய பிறகு தெளிவாகத் தட்டியது.

இங்கேதான் ஒரு கிளைப் பாதை பிரிகிறது. நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டதும் இதில்தான். பழைய புல்லட்டின் பிக் என்டில் ரோலர் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் கான்ராடுக்கும் நடுவே ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகம் பூசிய வளையம், புஷ் என்பார்கள், இரண்டிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டு சுற்றும். அதைக் காப்பாற்றுவது ஆயில் படலம் மட்டும். இப்போது அதற்குப் பதிலாக ரோலர் பேரிங் வைத்த கான்ராடு செட் கிடைக்கிறது. எல்லோரும் ரோலரைத்தான் சொல்கிறார்கள், காரணமும் உண்டு. ஆயில் படலம் உண்டாக வேகம் வேண்டும். குறைந்த சுற்றில் முழு ஆக்சிலரேட்டரோடு எஞ்சினைத் திணறவிட்டால் படலம் மெலிந்து இரும்பு புஷ்ஷை உரசும். கரையேறும்போது நாம் செய்வது சரியாக அதுதான். ரோலருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கொஞ்சம் ஆயில் இருந்தாலே ஓடும்.

அப்படியானால் ரோலர்தானே? நம் ஊருக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வண்டி ஓடாது, ஈரத்தில் நிற்கும். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக ஈரக்காற்று உள்ளே போய் ஆயிலோடு சேரும். ரோலர் மேல் ஒரு புள்ளி துரு பிடித்தால் போதும், அது குழியாகி, குழி பரவி, ஒரு சீசனில் சத்தம் போட ஆரம்பித்துவிடும். புஷ் அப்படியில்லை, சின்ன அழுக்கைத் தன் மென்மையான பூச்சுக்குள் வாங்கிப் புதைத்துக்கொள்ளும். இன்னொரு வசதி, ஆயில் எஞ்சின் வேலை பார்த்த பட்டறைக்காரர்களுக்கு ஒயிட் மெட்டல் கைவந்த பாடம். தேய்மானத்தை விரலால் தடவியே சொல்லிவிடுகிறார்கள்.

வாரா வாரம் ஓட்டுபவர், மழைக்காலத்திலும் நிறுத்தாதவர், ரோலர் போடட்டும். வருடத்தில் மூன்று மாதம் நிறுத்துகிற என்னைப் போன்றவருக்குப் புஷ்ஷே மேல். ஆனால் திணறவிடாமல் ஓட்ட வேண்டும். அதற்காக முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொள்ளலாம். 16 பல்லில் ஒன்று குறைந்தால் சக்கரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் கூடுதல் இழுவை கிடைக்கும், எஞ்சினைத் தொடாமலேயே. பின்பக்கம் பல்சக்கரம் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வார்த்தது. அதனால் கை வைக்க முடிவது முன்னால் மட்டும்தான்.

எதைப் போட்டாலும் கிராங்கை சென்டரில் மாட்டி டயல் கேஜ் வைத்து ஓட்டம், அதாவது சுற்றும்போது எவ்வளவு தள்ளாடுகிறது என்று, பார்க்காமல் மூடாதீர்கள். இரண்டு தௌவுக்குள் வரவேண்டும். எங்கள் அண்ணன் செம்புச் சுத்தியலால் ஃப்ளைவீலின் ஓரத்தில் ஒரு தட்டு, முள்ளைப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார். ஒன்றரைக்கு வந்ததும் டீ சொன்னார்.

ஆயில் பக்கம் இரண்டே விஷயம். டைமிங் மூடியிலிருந்து கிராங்க் முனைக்கு ஆயில் போகிற இடத்தில் சின்னதாக ஒரு சீல் இருக்கும், பழையதில் கார்க். அது சப்பையானால் ஆயில் பிக் என்டுக்குப் போகாமல் டைமிங் பெட்டிக்குள்ளேயே கொட்டிவிடும். மொத்த எஞ்சினிலேயே மலிவான சாமான் அதுதான். மொத்த எஞ்சினையும் கொல்லக்கூடியதும் அதுதான். ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் புதிதாகப் போடுங்கள். இரண்டாவது, ஆயில் பம்ப் டிஸ்க். கண்ணாடிமேல் பேஸ்ட் வைத்துத் தேய்த்து முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரும்வரை எடுக்க வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும், வால்வைத் தட்டுகிற ராக்கருக்குப் போகும் பைப்பின் போல்ட்டைக் கால் திருகு தளர்த்திப் பாருங்கள், ஆயில் கசிந்து வர வேண்டும்.

இரண்டாவது வழி, 350-ஐ வைத்துக்கொண்டே உசுப்பேற்றுவது. மாமா பையனின் கட்சி. இதை ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று சொல்ல முடியாது, துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 350-க்கு வந்தது 24 மில்லிமீட்டர், 500-க்கு வந்தது 28. நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் வாயின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது. குறைந்த சுற்றில் எஞ்சின் இழுக்கிற காற்று அதேதான். அகன்ற வாயில் அது மெதுவாகப் போகும், பெட்ரோலைச் சரியாகப் பிரித்துத் தூக்காது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு விக்கல் விக்கிவிட்டுத்தான் எழும். நெடுஞ்சாலையில் அந்த விக்கல் பெரிதாகத் தெரியாது. கரைச் சரிவின் பாதியில் விக்கினால் வண்டி பின்னால் உருளும், 160 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டி. மண்ணுக்கு 24-தான்.

கேமும் அதே கதை. வால்வைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கிற கேம் மேல்சுற்றில் கொடுப்பதைக் கீழ்சுற்றிலிருந்துதான் எடுக்கும். நமக்குக் கீழ்சுற்றுதான் சோறு.

அமுக்கம் வேறு மாதிரி. ஹெட்டை லேசாக முகம் அறுத்தோ, கொஞ்சம் உயர்ந்த பிஸ்டன் போட்டோ அமுக்கத்தை ஏற்றினால் கீழ்சுற்று இழுவை நிஜமாகவே கூடும். இந்தக் கட்சியின் சாமான்களில் மண்ணுக்கு உருப்படியாக உதவக்கூடியது இது ஒன்றுதான். தாராளமாக ஏற்ற முடியாததற்குக் காரணம் வெப்பம். இரும்பு பிளாக்கு சூட்டை மெதுவாகத்தான் விடும், நாம் காற்றில்லாமல் ஓட்டுகிறவர்கள். உதைக்கிற காலுக்கும் தெரியும். நான் தொடவில்லை, இளவட்டங்கள் கொஞ்சம் தொடலாம்.

ஹெட்டில் செய்யத்தக்கது சுத்தம் மட்டும். போர்ட்டில் வார்ப்பு நின்ற மேடுகளைத் தேய்த்து, கார்புரேட்டர் வாயும் ஹெட் வாயும் படியில்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது. வால்வு கைடு ஆடினால் மாற்றி, சீட் வெட்டி, லேப்பிங் முடித்ததும் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். கால் மணி நேரத்தில் வால்வைச் சுற்றி ஈரம் கசியக் கூடாது. கத்துகிற சைலன்சரைப் பற்றிக் கேட்காதீர்கள். போலீஸ் பிடிப்பது இருக்கட்டும், படுகையில் மேய்கிற ஆடு மிரண்டு வாய்க்காலில் விழுந்தால் யார் பதில் சொல்வது?

எலக்ட்ரானிக் இக்னிஷனையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். தேய்மானம் இல்லை, டைமிங் நகராது, பின்னால் வந்த எலெக்ட்ரா மாடல் புல்லட்டில் கம்பெனியே கொடுத்தது. ஆனாலும் ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டிவிடுகிற பழைய சிபி பாயிண்ட் நனைந்தால் மூடியைத் திறந்து வேட்டி முனையால் துடைத்து, உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து, 15 தௌ இடைவெளி வைத்துக் கிளம்பிவிடலாம். எலக்ட்ரானிக் பெட்டி செத்தால் கரையிலிருந்து தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, தள்ளுகிற ஆசை இல்லை.

மூன்றாவது, ஐந்நூறாக்குவது. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஒன்றே, 90 மில்லிமீட்டர். போர் 84 ஆகிறது, 499 சிசி, 22 குதிரைத்திறன். கும்பகோணத்து நண்பரின் வண்டியைக் கொள்ளிடத்தில் ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, மணலில் அந்த இழுவை சுகம்தான். இரண்டாவது கியரிலேயே உழுதுகொண்டு போகிறது. ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை காசு மட்டுமில்லை. 84 மில்லிமீட்டர் போரின் அடிப்பாகம் இறங்க, கிராங்க் சுற்றுகிற கூடான கிராங்க் கேஸின் வாயை அறுத்து அகலமாக்க வேண்டும். அறுத்த அலுமினியம் திரும்ப வராது, மனம் மாறினால் வேறு கேஸ் தேட வேண்டியதுதான். பிஸ்டன் கனம் கூடுவதால் ஃப்ளைவீல் பேலன்ஸும் மாறும். அதைத் திரும்பச் செய்யாமல் மாட்டியதில், நண்பரின் வண்டியில் மணிக்கு 60-ல் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் இரண்டாகத் தெரிகிறது. அந்த எஞ்சினைக் கட்டிக்கொடுத்த பட்டறையில் கேட்டதற்கு "புல்லட்டுன்னா ஆடத்தான் செய்யும் சார்" என்றார்களாம். கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் கூடுதல் பாரம் வேறு.

அப்புறம் ஆர்சி புத்தகத்தில் 346 என்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்ற விடுவதில்லை. அதையே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது. ரோட்டுக்கு வருகிற வண்டி என்றால் விபத்தில் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டையைத்தான். எங்கள் வண்டிக்கு ஆர்சியே 2021-ல் காலாவதி ஆகிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டினால் ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் அல்லவா? ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, சேசிஸ் எண்மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொடுக்கிற அந்தச் சடங்குக்குப் போகும்போது எஞ்சின் எண் உள்ள கேஸ் ஒழுங்காக இருப்பது நல்லது. இன்னொரு பேராசையும் உண்டு. 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். எங்களுடையது 2036-ல் அந்த வயதைத் தொடும். வாயை அறுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

நான்காவது, என் மனைவி சொன்னது. மண்ணில் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் அவள் சொன்னதே சரி. 2011-ல் வந்து பின்னர் நின்றுபோன இம்பல்ஸ் 150 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அது புல்லட்டைவிட எடை குறைவு, உயரம் அதிகம், சேற்றில் விழுந்தாலும் ஒருவரே தூக்கலாம். சாமான் தேடுவதுதான் பாடு. 2016-ல் வந்த 411 சிசி ஹிமாலயன் 190 கிலோவுக்கு மேல், களிமண்ணில் அதற்கும் புல்லட்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது, ரோட்டில் மட்டும் ராஜா. இதற்கெல்லாம் என்னிடம் நியாயமான பதில் இல்லை. பெரியப்பா வண்டி என்பதுதான் பதில். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

செலவு வரிசையை மட்டும் சொல்கிறேன், தொகை எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். குறைந்தது, கிராங்க் வேலை சேர்ந்த ஸ்டாண்டர்ட் கட்டு. அடுத்தது, கார்புரேட்டரும் கேமும் சேர்ந்த 350. அதற்கு மேல் 500. கிராங்க் வேலையை விட்டுவிட்டு மேல்பாகம் மட்டும் கட்டினால் இன்னும் குறையும். இரண்டாவது தடவை இறக்கும்போது அது மொத்தத்திலும் மேலே போய்விடும்.

நான் செய்தது முதல் வழிதான், மண்ணுக்கான சில திருத்தங்களோடு. 0.75 பிஸ்டன், புது புஷ், கிராங்க் நேரெடுப்பு, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவு. அதற்கு மேல் தண்ணீர் வேலை. கிராங்க் கேஸ் பிரீதரின் நுனியில் வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், எஞ்சின் மூச்சை வெளியே விட்டு உள்ளே இழுக்காமல் மூடிக்கொள்ளும். எங்களுடையதில் அது கிழிந்து தொங்கியது. அந்த நிலையில் மதகடித் தண்ணீரில் இறங்கினால் சூடான எஞ்சின் குளிர்ந்து சுருங்கும்போது வாய்க்கால் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். குழாயை நீட்டி சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் முடித்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயும் மேலே பார்க்கத் திரும்பியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி விளிம்பில் கிரீஸ் ஒரு கோடு. மூன்றுக்கும் சேர்ந்து ஆன செலவு ஒரு வேளை பிரியாணி.

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குறைந்த அமுக்க எஞ்சினுக்கு ஆக்டேன் பிரச்சினையே இல்லை. கலவை மெலிவதுதான் பிரச்சினை, அதுவும் சூட்டைத்தான் கூட்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற ஓட்டையான மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றினேன், பழைய பெட்ரோல் ட்யூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றினேன். மழைக்காலத்தில் நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சி, தண்ணீராக அடியில் தங்கும்.

முதல் உதை பெரியப்பாவுக்குத்தான். எண்பது வயது. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சாவியைத் திருப்பினார். "எட்டி எட்டி ஒதைக்காதடா, ஆம்பியர் முள்ளப் பாரு" என்றார். கிக்கரை மெதுவாக அழுத்த, முள் இடப்பக்கம் சாய்ந்து, மறுபடி நடுவுக்கு வந்தது. அமுக்கத்தை வெளியே விடுகிற டிகம்ப்ரஸர் நெம்பை இழுத்து, புஸ்ஸென்ற சத்தத்தோடு அரை விரல் தள்ளி, நெம்பை விட்டார். பிறகு என்னைப் பார்த்து "இப்ப ஒத" என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்றாவது உதையில் பிடித்தது.

500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் விட்டுப் பார்த்தேன். சாம்பல் பூசினாற்போல மெல்லிய படிவு, துணுக்கு ஒன்றும் இல்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வந்த வாரம் கரையேறிப் பார்த்தேன், இரண்டாவது கியரில் திணறாமல் ஏறியது. பிளக்கைக் கழற்றினால் நுனி இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கிறது. ஜெட்டை இன்னொரு படி ஏற்றிப் பார்க்க வேண்டும்.